கோல்கீப்பரைத் தொட்டாலே ஃபவுலா? ஐஃபாப் சட்ட ஆப், ஒரு சிறுவர் ஆட்ட ரெஃப்ரியின் பார்வையில்

கால்பந்தின் சட்டங்களை வகுக்கும் அமைப்பான ஐஃபாப் வெளியிடும் சட்ட ஆப்பை முழுசாக அலசப் போவதில்லை. கோல்கீப்பரும் எதிரணி ஃபார்வர்டும் மோதிக்கொள்ளும் இடத்தில் அந்த ஆப் ஒரு சிறுவர் ஆட்ட ரெஃப்ரிக்கு எவ்வளவு உதவுகிறது, எங்கே உதவாமல் போகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில். கிராஸ்ரூட்ஸ் (அடிமட்ட நிலை) ரெஃப்ரி பேட்ஜ் வாங்கி, வாரக் கடைசிகளில் ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறேன். மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் பெற்றோர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு. கோல்கீப்பர் ஒருவன் கீழே விழுந்தால் போதும், இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சட்டம் வரும், அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு சட்டம் வரும். இரண்டும் பெரும்பாலும் புத்தகத்தில் இல்லாதவை. அதனால்தான் இந்த ஆப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆப் இலவசம், ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கும். ஐஃபாப் என்பது 1886-இல் பிரிட்டனின் நான்கு கால்பந்துச் சங்கங்கள் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பு. இன்றைக்கும் அந்த நான்கு சங்கங்களுக்குத் தலா ஒரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நான்கு ஓட்டு, சட்டத்தில் ஒரு வரி மாறுவதற்குக்கூட எட்டில் ஆறு ஓட்டு வேண்டும். உலகக் கோப்பையில் ஊதுகிறவருக்கும் பூங்கா மைதானத்தில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஊதுகிறவருக்கும் மூலநூல் இதுதான். மொத்தம் 17 சட்டங்கள். நமக்கு இங்கே வேண்டியது முக்கியமாகச் சட்டம் 12, அப்புறம் சட்டம் 5-இல் காயம் பற்றி வரும் பகுதி. தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். ஆனால் எழுதியிருக்கும் ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியம், பதின்மூன்று வயதில் ரெஃப்ரி பயிற்சிக்கு வரும் பிள்ளையும் தானாகவே படித்துப் புரிந்துகொள்ளும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கோல்கீப்பர் சச்சரவுகளில் முக்கால்வாசிக்கு இந்த ஆப்பில் ஒரே பத்தியில் பதில் இருக்கிறது. பந்து கோல்கீப்பரின் கட்டுப்பாட்டில் இருப்பது எப்போது என்று சட்டம் 12 விளக்கும் பத்தி அது. இரண்டு கைகளுக்கு நடுவே பந்து இருந்தால் கட்டுப்பாடு. ஒரு கைக்கும் தரைக்கும் நடுவே இருந்தாலும் கட்டுப்பாடு, கைக்கும் தன் உடம்புக்கும் நடுவே இருந்தாலும் அப்படித்தான். கையின் எந்தப் பகுதியாவது பந்தில் பட்டிருந்தால் போதும். தற்செயலாகக் கையில் பட்டுத் தெறித்ததும், கோலுக்குப் போகும் பந்தைத் தடுத்ததில் தெறித்ததும்தான் விதிவிலக்கு. விரித்த உள்ளங்கையில் பந்தை ஏந்தி நிற்பதும், தரையில் தட்டுவதும், மேலே தூக்கிப் போடுவதும் கட்டுப்பாட்டிலேயே அடங்கும். இப்படிக் கட்டுப்பாட்டில் இருக்கும் வரைக்கும் எதிரணி ஆள் யாரும் கோல்கீப்பரோடு பந்துக்குப் போட்டி போடவே கூடாது. அவ்வளவுதான், அதற்கு மேல் விவாதமே கிடையாது.

இது களத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். யு-12 (பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்) ஆட்டம், அணிக்கு ஒன்பது பேர். தற்காப்பு வரிசைக்குப் பின்னால் ஒரு நீளமான பாஸ் விழுகிறது. கோல்கீப்பர் பெண் வெளியே ஓடி வருகிறாள், எதிரே ஃபார்வர்டு. அவள் பக்கவாட்டில் சரிந்து விழுந்து, வலது கையை நீட்டி, விரல்களை மட்டும் பந்தின் மேல் வைத்துப் புல்லோடு அழுத்துகிறாள். முழங்கை தரையில், முகம் பந்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். ஃபார்வர்டு அந்தப் பந்தின் அடியில் காலை விட்டு நெம்ப, அவள் விரல்கள் மேலே போகின்றன, பந்து உருண்டு கோலுக்குள் போகிறது. ஒரு பக்கம் முழுக்கக் கைதட்டல். விசில் ஊதி, தற்காப்பு அணிக்கு டைரக்ட் ஃப்ரீகிக் (நேராகவே கோல் அடிக்கக்கூடிய உதை) கொடுத்தேன். "முழுசாப் பிடிக்கவே இல்லையே" என்று கோச் கேட்டார். முழுசாகப் பிடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவரே பக்கத்தில் வந்து கேட்டார், ஆப்பைத் திறந்து அந்தப் பத்தியைக் காட்டினேன், இரண்டு முறை படித்துவிட்டுச் சரி என்றார். அடுத்த வாரப் பயிற்சியில் தன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதாகவும் சொன்னார். கோச்சுகள் கையில் இந்த ஆப் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். கையைப் பந்தின் மேல் பார்த்தவுடன் காலை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைகள் பயிற்சியில்தான் பழக முடியும், ரெஃப்ரி ஆட்டத்தின் நடுவே கற்றுக்கொடுக்க முடியாது.

அந்த விதிவிலக்கையும் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவுக்கு நடக்கிறது. கோல்கீப்பர் ஒரு ஷாட்டைத் தட்டிவிட்டார், பந்து இரண்டடி தள்ளி உருள்கிறது என்றால் அது யாருடைய பந்தும் இல்லை. ஃபார்வர்டு ஓடி வந்து அதை உதைக்க முழு உரிமை உண்டு. "கீப்பர் தொட்டுட்டான் சார்" என்று கத்துவதில் பயனில்லை. ஆனால் கோல்கீப்பர் மறுபடி பாய்ந்து அதில் கை வைத்த அந்தக் கணம் போட்டி முடிந்துவிடுகிறது. ஆக, ஒரு நொடிக்குள்ளேயே சட்டம் ஃபார்வர்டுக்குச் சாதகமாக இருந்து கோல்கீப்பருக்குச் சாதகமாக மாறிவிடும். ரெஃப்ரி அருகில் இல்லாவிட்டால் இதைப் பார்க்க முடியாது. ஐம்பது கஜம் தள்ளி நடுவட்டத்தில் நின்றுகொண்டு இந்த முடிவை எடுக்க முயல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அங்கே கீழே கிடப்பது ஒரு குழந்தையின் தலை.

உள்ளங்கையில் ஏந்தி நிற்பதைச் சட்டம் தனியாகக் குறிப்பிடுவது ஏன் என்று யோசிக்கிறவர்கள் 1990-ஐ நினைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், மான்செஸ்டர் சிட்டி ஆட்டம். சிட்டி கோல்கீப்பர் ஆண்டி டிப்பிள் ஒரு கையில் பந்தை ஏந்திக்கொண்டு யாருக்கு உதைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த கேரி கிராஸ்பி அந்த உள்ளங்கையிலிருந்தே பந்தைத் தலையால் தட்டிக் கீழே போட்டு கோல் அடித்தார், கோல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. இன்றைய சட்டப்படி அதற்கு இடமே இல்லை. இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மைதானத்தில் முயற்சி செய்யும் பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். அதே மாதிரி, கோல்கீப்பர் பந்தை மேலே போட்டு உதைக்கப் போகும்போது நடுவில் காலை நீட்டுவதும், கைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் குதிப்பதும் குற்றம். கோல்கீப்பரைப் பந்தை விடவிடாமல் தடுத்தால் இன்டைரக்ட் ஃப்ரீகிக், அதாவது இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகக்கூடிய உதை.

இதோடு ஒட்டிய ஒரு புதிய மாற்றத்தையும் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025/26 பதிப்பிலிருந்து கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக். முன்பு ஆறு நொடி, இன்டைரக்ட் ஃப்ரீகிக், ஆனால் யாரும் அதைக் கொடுப்பதில்லை. இப்போது கடைசி ஐந்து நொடியை ரெஃப்ரி கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். எப்போது எண்ண ஆரம்பிப்பது என்பது ரெஃப்ரியின் முடிவு. கோல்கீப்பர் இன்னும் தரையில் கிடக்கிறான், அவன் மேல் ஃபார்வர்டு விழுந்து கிடக்கிறான் என்றால் பிள்ளைகள் பிரிந்து எழுந்து நிற்கும் வரை எண்ணிக்கை ஆரம்பிப்பதில்லை, என் பழக்கம் இது. அவசரப்படுத்தினால் கோல்கீப்பர் ஃபார்வர்டைத் தள்ளிக்கொண்டு எழுவான், அங்கே வேறொரு சண்டை ஆரம்பிக்கும்.

இனி, பந்து யார் கையிலும் இல்லாத நேரம். மைதான ஓரத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம், "சின்னப் பெட்டிக்குள்ள கீப்பரைத் தொடவே கூடாது" என்பது. கோலுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு, அதாவது கோல் ஏரியாவுக்குள் கோல்கீப்பருக்குத் தனிப் பாதுகாப்பு என்று இன்றைய சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை, ஆப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆனால் அது ஆகாயத்திலிருந்து வந்த கற்பனையும் இல்லை. பழைய சட்டம் 12-இல் கோல்கீப்பரை இடிப்பது குற்றம் என்று எழுதி, அதற்கு மூன்று விலக்குகள் கொடுத்திருந்தார்கள்: அவர் பந்தைப் பிடித்திருந்தால் இடிக்கலாம், எதிராளியை மறித்தால் இடிக்கலாம், கோல் ஏரியாவை விட்டு வெளியே வந்தால் இடிக்கலாம். அந்த மூன்றாவது விலக்கின் மிச்சம்தான் இன்றும் வாய்வழியாக உலாவுகிறது. முதல் விலக்கைப் பாருங்கள், பந்தைப் பிடித்திருந்தால் இடிக்கலாமாம்! இன்றைக்கு அப்படியே தலைகீழ். 1958-இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதியில் போல்டனின் நாட் லாஃப்ட்ஹவுஸ், மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் இடித்துத் தள்ளியது கோலாகவே கணக்கில் ஏறியது. அதற்கு முந்தைய வருட இறுதியில் ஆஸ்டன் வில்லாவின் பீட்டர் மெக்பார்லண்ட் மோதியதில் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு முறிந்தது, ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடத்தில். மாற்று ஆட்டக்காரர் இறக்கும் வசதி கிடையாத காலம். அங்கேயிருந்து இங்கே வந்து சேர எத்தனை பேர் அடிபட வேண்டியிருந்தது என்று நினைத்தால், இன்றைய அந்த ஒற்றைப் பத்தியின் மதிப்பு புரியும்.

சரி, இன்றைய சட்டப்படி கையில் பந்து இல்லாத கோல்கீப்பர் மற்ற பத்துப் பேரைப் போல ஒருவர்தான். அவர் மேல் மோதியது குற்றமா என்பதற்கு மற்ற எல்லோருக்கும் உள்ள அதே மூன்று அளவுகோல். கவனமில்லாமல் போனால் ஃபவுல் மட்டும், அட்டை வேண்டாம். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் போனால் மஞ்சள். தேவைக்கு மீறிய பலத்தோடு, எதிராளியின் பாதுகாப்புக்கே ஆபத்து வரும்படி போனால் சிவப்பு. இந்த மூன்றுக்கும் ஆப்பில் இருக்கும் விளக்கம் தலா ஓரிரு வரிதான். திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய வரிகள் அவை.

இங்கே ஒரு அப்பா கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். "என்னங்க, அவன் பந்தைத்தானே உதைச்சான், ஆளை உதைக்கலையே, இதுக்கு எப்படி மஞ்சள்?" பந்தை முதலில் தொட்டால் குற்றமில்லை என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. ஆப்பில் சட்டம் 12-ஐ வரி வரியாகப் படித்துப் பாருங்கள், அப்படி ஒரு விலக்கு கிடையாது. பந்தைத் தொட்டானா என்று சட்டம் கேட்பதில்லை, எப்படிப் போனான் என்றுதான் கேட்கிறது. ஷூ ஆணிகள் மேலே தெரிய, காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டி, அதே வேகத்தில் குனிந்து வரும் கோல்கீப்பரின் விலாவில் போய் நின்றால், பந்தை முதலில் தொட்டது அவனைக் காப்பாற்றாது. அந்த அப்பாவிடம் நான் சொன்னதும் இதுதான், உங்கள் பையன் கெட்டவன் என்று அர்த்தமில்லை, அந்த வேகத்தில் போனால் நிற்க முடியாது என்று தெரிந்தும் போனான், அதற்குத்தான் அட்டை.

கார்னர் கிக் நேரத்துத் தள்ளுமுள்ளு தனி உலகம். யு-13, யு-14 வந்துவிட்டால் எல்லா அணியும் கோல்கீப்பர் முன்னால் ஒரு ஆளை நிறுத்துகிறது, டிவியில் பார்த்துவிட்டு. நிற்பது குற்றமில்லை. களத்தில் தான் நிற்கும் இடத்துக்கு எல்லோருக்கும் உரிமை உண்டு, வழியில் நிற்பது வேறு, வழிக்குள் நகர்ந்து போவது வேறு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கோல்கீப்பர் இடப்பக்கம் போனால் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம் என்று பந்தைப் பார்க்காமல் அவரையே பார்த்து நகர்கிறான் என்றால் அது மறித்தல், உடம்பு படாவிட்டால் இன்டைரக்ட், பட்டால் டைரக்ட் ஃப்ரீகிக். நான் கார்னர் எடுக்க விடுவதற்கு முன்னாலேயே போய் அந்த இருவரிடமும் பேசிவிடுவேன். பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடுகிறது. இந்த மாதிரி முன்கூட்டிப் பேசுவதை எந்தச் சட்டமும் கற்றுக்கொடுக்காது, பக்கத்தில் நின்று பார்க்கும் மூத்த ரெஃப்ரிகளிடம்தான் கற்க வேண்டும்.

கோல்கீப்பர் எப்போதும் பாதிக்கப்பட்டவர் என்று நினைப்பதும் தவறு, ஆப் அந்தப் பக்கமும் நியாயமாகவே இருக்கிறது. உயரப் பந்துக்கு முழங்காலை முன்னால் தூக்கிக்கொண்டு குதிப்பது, பந்து போன பிறகும் நிற்காமல் வந்து ஃபார்வர்டை வாரிவிடுவது, எல்லாமே மற்றவர்கள் செய்தால் என்ன குற்றமோ அதே குற்றம், பெனால்டி ஏரியாவுக்குள் (பெரிய பெட்டி) என்றால் பெனால்டி. 1982 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர் பிரான்ஸின் பாட்டிஸ்டோன் மேல் பாய்ந்ததில் அவர் நினைவிழந்து விழுந்தார், பற்கள் போயின, ரெஃப்ரி ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை, ஆட்டம் கோல் கிக்கில் தொடர்ந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது 2004 டிசம்பர் 5, பெங்களூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதி. டெம்போ அணியின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலை அடிக்கும்போது மோகன் பகான் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார், உயிர் பிழைக்கவில்லை. கோல்கீப்பர்கள் பக்கத்தில், 1931-இல் கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் ஃபார்வர்டின் காலில் பாய்ந்து விழுந்த செல்டிக் கோல்கீப்பர் ஜான் தாம்சன் இறந்தபோது அவருக்கு வயது 22. அந்த ஃபார்வர்டு வேண்டுமென்றே செய்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது, இரண்டு பக்கமும் நம் பிள்ளைகள்தான்.

இனி குறைக்கு வருகிறேன். இந்த ஆப்பில் வயது என்ற ஒன்றே கோல்கீப்பர் விஷயத்தில் வருவதில்லை. சிறுவர் ஆட்டங்களுக்கு மைதான அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை இவற்றையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒன்பது வயதுக் குழந்தைகள் மோதிக்கொள்ளும்போது கவனமின்மையை எப்படி அளப்பது என்று எதுவும் இல்லை. உலகக் கோப்பை ஆட்டக்காரனுக்கும், போன மாதம்தான் முதன்முறையாகக் கையுறை மாட்டிய பிள்ளைக்கும் ஒரே வாக்கியம். சட்டம் பொதுவாகத்தான் இருக்க முடியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பின்பகுதியில் ரெஃப்ரிகளுக்கான நடைமுறைக் குறிப்புகள் என்று தனியாக ஒரு பகுதியே வைத்திருக்கிறார்கள், அதில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்க வேண்டும் என்றே சொல்வேன்.

அந்த இடத்தை இங்கே அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனமான யு.எஸ். சாக்கரின் சிறுவர் விதிகள்தான் ஓரளவு நிரப்புகின்றன, ஆப்போடு சேர்த்து அவற்றையும் படிக்காமல் களத்தில் இறங்கக் கூடாது. யு-8 வரை நாலுக்கு நாலு, கோல்கீப்பரே கிடையாது. யு-9, யு-10-இல் ஏழுக்கு ஏழு, முதன்முறையாகக் கோல்கீப்பர் வருகிறார், கூடவே பில்ட்-அவுட் லைன் என்று ஒரு கோடு. கோல்கீப்பர் கையில் பந்து வந்துவிட்டால் எதிரணி மொத்தமும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கோல்கீப்பர் பந்தைக் காற்றில் உதைக்கவும் கூடாது, உருட்டவோ எறியவோ தரையில் வைத்து ஆடவோ வேண்டும். பின்னாலிருந்து பாஸ் செய்து ஆடப் பழக்கத்தான் இந்த ஏற்பாடு, ஆனால் எனக்கு இதில் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. கீப்பர் கையில் பந்து என்றவுடன் பிள்ளைகள் தாமாகவே திரும்பி ஓடுகிறார்கள், சுற்றி நின்று தொந்தரவு செய்வதற்கு ஆளே இருப்பதில்லை. யு-11-இல் அந்தக் கோடு போய்விடுகிறது. கால்களில் வேகம் கூடியிருக்கும், நிற்கும் திறன் இன்னும் வந்திருக்காது. நான் பார்த்த வரையில் மோசமான மோதல்கள் அந்த வயதில்தான், அந்த வருட ஆட்டங்களுக்குப் போகும் புதிய ரெஃப்ரிகள் கோலுக்கு இன்னும் பத்தடி அருகில் நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

தலையால் முட்டுவதற்குத் தடை இருப்பதும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம். 2015-இல் யு.எஸ். சாக்கர் அறிவித்த விதிப்படி யு-11 வரைக்கும் பந்தை வேண்டுமென்றே தலையால் ஆடக் கூடாது, ஆடினால் இன்டைரக்ட் ஃப்ரீகிக். நல்ல விதி, முழு மனதோடு ஆதரிக்கிறேன். இதனால் காற்றில் நடக்கும் போட்டி குறைந்துவிட்டது. ஆனால் உயரப் பந்தை எல்லோரும் தரையில் குத்தவிடுகிறார்கள், குத்தி எழும் பந்து முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் நிற்கிறது, அதை ஃபார்வர்டு காலால் எட்டுகிறான், கோல்கீப்பர் கையையும் முகத்தையும் கொண்டு போகிறாள். பெரியவர்கள் ஆட்டத்தில் மோதல் தலைக்கும் முஷ்டிக்கும் நடுவே என்றால், சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் அது ஷூவுக்கும் நெற்றிக்கும் நடுவே. இதைப் புரிந்துகொண்டால் விசில் எப்போது வர வேண்டும் என்பதும் புரியும். பத்து வயது ஆட்டத்தில் கோல்கீப்பர் விழுந்துவிட்டாள், பந்து அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒரு கால் பின்னால் போய் ஓங்குகிறது என்றால் நான் உடல் படும்வரை காத்திருப்பதில்லை. ஆபத்தான முறையில் ஆடுவது தனிக் குற்றம், மோதல் நடக்காமலேயே அதற்கு இன்டைரக்ட் ஃப்ரீகிக் கொடுக்கச் சட்டம் 12 அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தைச் சிறுவர் ஆட்டத்தில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரு கோல் தவறிப்போகலாம், போகட்டும்.

காயம் பற்றிய பகுதியில் ஆப் சொல்வதை அப்படியே பின்பற்றினால் போதாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடிபட்டவருக்குக் களத்தில் சிகிச்சை நடந்தால் அவர் வெளியே போய்விட்டுத்தான் வர வேண்டும் என்று சட்டம் 5 சொல்கிறது, கோல்கீப்பருக்கு அதில் விலக்கு. கோல்கீப்பரோடு மோதி அடிபட்ட மற்ற ஆட்டக்காரருக்கும் விலக்கு.  ஆனால் சிறுவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டது என்ற சந்தேகம் வந்துவிட்டாலே இந்த விலக்கை மறந்துவிடுங்கள். 2009-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஆரம்பித்து, 2014-க்குள் எல்லா மாநிலங்களிலும் இளம் விளையாட்டுக்காரர்களுக்கான மூளை அதிர்ச்சிச் சட்டங்கள் வந்துவிட்டன, பெரும்பாலும் பள்ளி விளையாட்டுகளை மனதில் வைத்து. யு.எஸ். சாக்கரின் வழிகாட்டுதலும் அதே பக்கம்தான்: சந்தேகம் இருந்தால் பிள்ளை வெளியே, மருத்துவத் தகுதி உள்ளவர் பார்த்துச் சரி சொல்லும் வரை திரும்பி வர முடியாது. "அவள் நல்லாத்தான் இருக்கா, ரெண்டு நிமிஷம் கொடுங்க" என்று கோச் சொல்வார், மாற்று கோல்கீப்பர் இருக்க மாட்டார், பிள்ளையே அழுதுகொண்டு ஆட வேண்டும் என்று சொல்லும். அசையக் கூடாது. 2006 அக்டோபரில் ரெடிங் மைதானத்தில் செல்சி கோல்கீப்பர் பீட்டர் செக் பந்தை எடுக்கக் குனிந்தபோது எதிராளியின் முழங்கால் பட்டு மண்டை ஓடு உடைந்தது, ஆட்டம் ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே. சில மாதம் கழித்துத் தலைக்கவசத்தோடு திரும்பியவர் கடைசி வரை அதோடுதான் ஆடினார். அவ்வளவு பயிற்சி பெற்ற ஒருவருக்கே, மருத்துவக் குழு பக்கத்தில் இருக்கும்போதே அப்படி. பூங்கா மைதானத்தில் நமக்கு இருப்பது ஒரு ஐஸ் பையும், பெற்றோர்களில் யாராவது நர்ஸாக இருப்பார்களா என்ற நம்பிக்கையும்தான்.

ஆப்பைப் பயன்படுத்துவது பற்றி இன்னும் ஒன்றிரண்டு. ஆட்டத்துக்கு நடுவே போனை எடுத்துப் பார்க்கிற கருவியாக இதை நினைக்காதீர்கள், முந்தைய நாள் இரவு சட்டம் 12-ஐ ஒரு முறை படித்துவிட்டுப் படுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. சட்ட மாற்றங்களைத் தனியாகக் காட்டும் பகுதி மிக நன்றாக இருக்கிறது, பல வருடமாக ஊதுகிறவர்கள்கூடப் பழைய ஆறு நொடியையே சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்கிறேன். பெற்றோர்கள் முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டியதில்லை, கோல்கீப்பர் கட்டுப்பாடு பற்றிய அந்த ஒரு பத்தியையும் அந்த மூன்று அளவுகோல்களையும் படித்தாலே சனிக்கிழமை காலைகள் நிறைய அமைதியாகிவிடும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைப்பது, சிறுவர் கோல்கீப்பர்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லாததற்காக.

உங்கள் பிள்ளை ஹைஸ்கூல் அணியில் ஆடுகிறாள் என்றால் ஒரு எச்சரிக்கை: அங்கே பெரும்பாலும் ஐஃபாப் சட்டம் கிடையாது, என்எஃப்எச்எஸ் என்ற அமைப்பின் விதிப்புத்தகம், அதை இந்த ஆப்பில் தேடாதீர்கள். கிளப் ஆட்டங்களுக்கு வருடா வருடம் ஜூலை 1-ஐ ஒட்டிப் புதிய பதிப்பு வரும், இலையுதிர்கால சீசன் ஆரம்பிக்கும் முன் ஆப்பை அப்டேட் செய்துவிட்டு, உங்கள் லீக் எதையெல்லாம் தன் வயதுப் பிரிவுகளுக்கு மாற்றியிருக்கிறது என்று லீக் விதிகளையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.